எந்த மாதம் என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொழும்பு. ராமேசுவரத்துக்குப் பஸ்ஸில் போக அதைவிட நேரமாகும். அதனால்தானோ என்னவோ, இலங்கைச் சுற்றுலா நோட்டீஸ் இப்போது பால் பாக்கெட்டோடு வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வந்த ஒன்றை நம்பி, போன ஆடியில் நானும் மனைவியும் மைத்துனர் குடும்பமும் கிளம்பினோம். மொத்தம் 18 பேர், ஆறு நாள். கதிர்காமத்துக்குப் போக வேண்டும் என்பது வீட்டம்மாவின் பல வருட வேண்டுதல். எனக்கு ஆசை வேறு. ஐந்தாம் நாளுக்கு நேரே ‘மிரிஸ்ஸ கடலில் நீலத் திமிங்கிலம்’ என்று படத்தோடு போட்டிருந்தார்கள்.

மிரிஸ்ஸவில் விடிவதற்கு முன்பே எழுந்து துறைக்குப் போனோம். படகெல்லாம் கட்டிக் கிடந்தன. கடல் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. தமிழ் தெரிந்த படகுக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “இந்த மாதத்தில ஆர் ஐயா உங்களை இஞ்ச கூட்டி வந்தது? கார்த்திகைக்குப் பிறகு வாங்கோ. இப்ப பாக்கவேணுமெண்டா திருகோணமலைக்குத்தான் போகவேணும்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுவதால் அவ்வளவு பெரிய உயிரும் பக்கத்தில் வந்து போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்துவிட்டால் மிரிஸ்ஸ இருக்கிற தெற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் கிழக்கே திருகோணமலைப் பக்கம் அமைதியாக இருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை திமிங்கிலம் பார்க்க அங்கே போகிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரிலிருந்து போன எங்களுக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

எனக்கு இன்னும் கூடுதல் வெட்கம். நான் பொதுப்பணித் துறையில் வைகை அணைப் பக்கம் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேக்கடியில் மழை கொட்டும்போது ஆண்டிபட்டியில் வெறும் காற்றும் புழுதியும்தான் இருக்கும், மலை மறித்துக்கொள்ளும். பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்தால்தான் மதுரை வயலுக்கு உயிர். இலங்கையிலும் அதே கதைதான். நடுவில் மலை. ஒரு காற்றுக்கு ஒரு பக்கம் நனையும், மறுபக்கம் காயும். தெரிந்த பாடத்தைக் கேட்க மறந்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆடியில் பார்க்க வேண்டியது அங்கே வேறொன்று இருக்கிறது. நோட்டீசில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. இரண்டாம் நாள் தம்புள்ளையில் மசாலாத் தோட்டம், ரத்தினக்கல் கடை என்று போட்டிருந்தது. வேன் ஓட்டுநர்தான், “ஐயா, மின்னேரியாவில யானை இறங்கிட்டுது, போய்ப் பாக்கலியா?” என்றார். ஆறு பேர் மட்டும் தனியாகப் பணம் போட்டு ஜீப்பில் போனோம். மற்றவர்கள் ஏலக்காய் வாங்கப் போய்விட்டார்கள்.

மின்னேரியா, மகாசேன மன்னன் 1,700 வருடங்களுக்கு முன் கட்டிய குளம். நாம் கண்மாய் என்பதை அவர்கள் குளம் என்கிறார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, வெளியே தெரிகிற ஈரத் தரையில் புல் முளைக்கிறது. சுற்றுக்காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சை அங்கேதான். நம் கண்மாய் வற்றினால் ஆடு மாடு இறங்கி மேயும். அங்கே யானை மேய்கிறது. 60 வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னும் கூடுமாம். புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கின்றன. குட்டிகள் நடுவில், பெரியவை சுற்றி. அந்தத் தீவில் ஆண் யானைகளிலும் தந்தம் உள்ளவை கொஞ்சம்தான் என்பதால் ஆணா பெண்ணா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. மீனாட்சி கோயில் பார்வதியைத் தவிர யானையே பக்கத்தில் பார்த்திராத என் மனைவி, “இத்தனை பார்வதியா!” என்று ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

யால வனவிலங்குப் பூங்கா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதிர்காமத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் தரிசனம் முடித்து, பகல் 11 மணிக்கு உச்சி வெயிலில் கூட்டிப்போனார்கள். வனவிலங்கு பார்க்கப் போகிற நேரமா அது? காலை 6 மணிக்கே வாசல் திறக்கிறார்கள். மயில் பார்த்தோம், அழகர்கோவிலில் பார்க்காத மயிலா? ஓரிடத்தில் 20 ஜீப்புக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றன. சிறுத்தையாம். எங்களுக்குக் கிடைத்தது புழுதிதான்.

ஊர் திரும்பியதும் அந்த ஏற்பாட்டாளரிடம் போய்க் கேட்டேன். பெயர் வேண்டாம். “கடல் நம்ம கையிலயா சார் இருக்கு?” என்றார். அவர் தலைக்கு மேலேதான் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதவில்லை. ஒவ்வொரு இடத்துக்கு நேரேயும் எந்த மாதம் என்று ஒரு வரி போட்டால் போதும். மிரிஸ்ஸ என்றால் கார்த்திகைக்குப் பிறகு. மின்னேரியா என்றால் ஆடி, ஆவணி. யாலவில் முதல் தொகுதி என்கிற பகுதியைச் செப்டம்பரில் வறட்சிக்காக மூடுவது வழக்கம். அப்போது போகிறவர்களுக்கு வருடம் முழுவதும் யானை பார்க்கக் கிடைக்கிற உடவளவைப் பூங்காவைச் சொல்லலாம். ஏற்பாட்டாளர்கள் போடாவிட்டால், அவர்கள் விளம்பரம் வருகிற தங்கள் சுற்றுலாப் பக்கத்திலாவது ஓரமாக ஒரு கட்டத்தில் போடுங்கள். கதிர்காமம் போகிறவர்கள் பெரும்பாலும் என் போல ஒரே ஒரு தடவை போகிறவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை ஊழியர்,
திருநகர், மதுரை.