உழவர் சந்தைகளில் சாணை பிடிக்க இடம் ஒதுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாநகரில் வீட்டுக் கத்தியைச் சாணை பிடிக்கவும், கழன்ற சுத்தியலுக்குப் பிடி போடவும், வாய் மழுங்கிய கொடுவாளை மறுபடி காய்ச்சி அடித்துக்கொள்ளவும் இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை ஆகிய நான்கு உழவர் சந்தைகளிலும் வாரத்தில் ஒரு நாளாவது கொல்லர்களுக்கும் சாணைக்காரர்களுக்கும் நிழலுள்ள ஓரிடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்கு அரம் பிடிக்கவும் உளி தீட்டவும் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கருவிகள் வீடுகளில் எந்த நிலையில் கிடக்கின்றன என்பதைப் பார்த்துப் பார்த்து எழுந்த கவலையே இக்கோரிக்கைக்குக் காரணம்.

கூர் மழுங்கிய கத்தி கையை வெட்டாது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கூரான கத்தி தன் எடையிலேயே தக்காளித் தோலுக்குள் இறங்கிவிடும். மழுங்கிய கத்தியை அழுத்தினால்தான் இறங்கும், அப்படி அழுத்தும்போது அது தோல்மேல் வழுக்கி, காயைப் பிடித்திருக்கும் இடக்கையின் விரலில்தான் போய் நிற்கும். அரிவாள்மணையில் உட்கார்ந்து பூசணியோ பலாக்கொட்டையோ நறுக்குகிற பெண்களைக் கேட்டால், வாய் மழுங்கிப் போனபின்தான் அதிகம் வெட்டுப்பட்டோம் என்பார்கள். ஆனாலும் அந்த அரிவாள்மணையைத் தீட்டித் தர ஆள் இல்லாததால் அதைப் பரணில் போட்டுவிட்டு, கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பிடி போட்ட மெல்லிய கத்தியை வாங்கி, அது ஓரிரு மாதங்களில் மழுங்கியதும் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை வாங்குவது வழக்கமாகிவிட்டது.

கஞ்சமலையின் காந்த இரும்புத்தாதை மரக்கரியால் உருக்கி இரும்பு எடுத்த மாவட்டம் இது. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது அவர் நம்பியது சேலத்துத் தாதைத்தான். கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலையில் உருளும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு 1980-களின் தொடக்கத்திலிருந்து நாடெங்கும் போகிறது. இரும்பைப் பற்றி இத்தனை அறிவு சேர்ந்திருக்கும் ஊரில் ஒரு குடும்பம் தன் காய்கறிக் கத்தியைத் தீட்டிக்கொள்ள வழியில்லாமல் திண்டாடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

சைக்கிளிலோ தோளிலோ சாணைச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு, மிதித்துச் சுழற்றித் தீட்டிக்கொடுத்தவர்கள் முன்பு தெருத்தெருவாக வருவார்கள். இப்போது அவர்களைக் காண்பது அரிது. அவசரத்துக்குப் பலர் வெல்டிங் பட்டறைக்குக் கத்தியை எடுத்துச் செல்கிறார்கள். அங்கே ஆங்கிள் கிரைண்டரை வைத்து ஒரு நிமிடத்தில் பொறி பறக்கத் தேய்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும் அந்தக் கத்தி ஒரு வாரம்கூடத் தாங்காது. காரணம் எளிது. எஃகைச் செஞ்சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்துவதால்தான் வாய்க்குக் கடினத்தன்மை கிடைக்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் தண்ணீர் விடாமல் தேய்க்கும்போது மெல்லிய வாய்ப்பகுதி நொடியில் சூடேறி நீலம் பூத்துவிடுகிறது. அந்த நீலம் தெரிந்தால் அங்கே சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, தோய்ச்சல் (தோய்த்ததால் வந்த கடினம்) இளகிவிட்டது என்று பொருள். அதன்பின் அந்த நீலப்பகுதி முழுவதையும் கல்லில் தேய்த்து அகற்றினாலன்றி எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. பட்டறைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தொழில் வேறு, சாணைத் தொழில் வேறு.

துருப்பிடிக்காத எஃகிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். ஆனால் பாத்திரத்துக்குப் பெரிதும் பயன்படும் 304 வகை எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. கத்திக்கு வேண்டியது கரிமம் சற்றுக் கூடுதலாக உள்ள, தோய்ச்சலை ஏற்கக்கூடிய வேறு வகை. பளபளப்பை மட்டும் பார்த்து வாங்குவோருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. விற்பவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

கொடுவாள், அரிவாள் வாங்குவோர் வேறு விதத்தில் ஏமாறுகிறார்கள். லாரியின் பழைய பட்டை ஸ்பிரிங்கை அடித்துச் செய்த கொடுவாள் தலைமுறைக்கு வரும். கட்டடக் கம்பி வகை இரும்பை அடித்து நீட்டிச் செய்தது ஒரு தென்னை மட்டையை வெட்டுவதற்குள் வாய் மடங்கிவிடும். இரண்டையும் கருநிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கும்போது கண்ணால் பிரித்தறிய முடியாது. வாங்கும் முன் ஒரு சிறிய அரத்தை வாயின் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அரம் தயக்கமில்லாமல் கடித்துத் துகளை உதிர்த்தால் அது மெத்தென்ற இரும்பு. சற்றே கடித்து முரண்டு பிடித்தால் நல்ல தோய்ச்சல். கொஞ்சமும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் அளவுக்கு மீறிய கடினம். கல்லிலோ கணுவிலோ பட்டால் வாய் தெறித்துவிடும். உழவர் சந்தையில் கொல்லர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இதையெல்லாம் வாங்குபவர் அவர் எதிரிலேயே சோதித்து வாங்கலாம், குறை இருந்தால் அடுத்த வாரம் அவரிடமே திரும்பக் கொண்டுவரலாம். தெருவோரத்தில் இன்றைக்கு விற்றுவிட்டு நாளைக்கு ஊர் மாறிப் போகிறவர்களிடம் அந்த வசதி கிடையாது.

வீட்டில் செய்துகொள்ளக்கூடியதும் உண்டு. ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நயமும் உள்ள கார்போரண்டம் கல் ஒன்று சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அதை ஈரத்துணிமேல் நகராதபடி வைத்து, தண்ணீர் தெளித்து, கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் தள்ள வேண்டும். மறுபக்கத்தில் பிசிர் (தேய்ந்த எஃகின் மெல்லிய விளிம்பு) விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம், கடைசியில் நயமான புறத்தில் இலேசாக. பிசிர் தட்டுப்படுவதற்கு முன்பே பக்கத்தை மாற்றுவதுதான் பலரும் செய்யும் பிழை. இரு பக்கமும் வாயில் இன்னும் ஒன்றுசேராத நிலையில் எத்தனை நேரம் தேய்த்தாலும் பயனில்லை. அரிவாள்மணைக்குக் கல்லை அசைத்து, வளைவோடு ஒட்டித் தேய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, அடுத்த நாள் பயன்படாது என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துரு அணுகாது. இவ்வளவையும் ஒருமுறை கண்ணால் பார்த்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். எழுத்தில் படித்தால் பாதிதான் புரியும். சாணைக்காரர் பொதுவிடத்தில் அமர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுத்தியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை ஆடத் தொடங்கியதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வேலையைத் தொடர்வது வீடுதோறும் நடக்கிறது. ஊறிய மரம் உப்பிப் பிடித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்த உப்பலில் சுத்தியல் தலையின் துளையான கண்ணுக்குள் அகப்பட்ட மரநார் நசுங்கி, காய்ந்தபின் முன்னைவிட அதிகமாகத் தளர்ந்துவிடும். அடுத்த அடியில் தலை கழன்று பறப்பதற்கு இதுவே வழி செய்கிறது. கருவேலங்கட்டையில் புதுப்பிடி செதுக்கி, கண்ணுக்குள் இறுக இறக்கி, மேலே ஆப்பு அடிப்பதே முறை. கொல்லருக்கு அது சிறிது நேர வேலை. அதேபோல, பிடியில்லாத அரத்தைக் கையில் எடுக்கவே கூடாது. பிடிக்குள் நுழையும் அதன் வால் கூர்மையானது. அரம் சட்டென்று தடைப்பட்டால் உள்ளங்கையில் இறங்கிவிடும். உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளானாகப் பூத்திருந்தால் அந்த ஓரங்களைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அவை தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

சந்தையில் இடம் கிடைத்தால் அங்கே கட்டாயம் விளக்கிச் சொல்ல வேண்டிய இன்னொன்று, மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர். சாணைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும், வீட்டுக் கருவிகளிலேயே உயிரைக் காக்க வேண்டியதும் அதிகமாகத் தவறாகப் பயன்படுவதும் இதுதான். அதனுள் ஒரு நியான் விளக்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்தடையும் இருக்கின்றன. 230 வோல்ட் மின்சாரம் அந்தத் தடையால் மிகச் சிறிய அளவுக்குக் குறைந்து நம் உடல் வழியாகத் தரைக்குப் போகும்போது விளக்கு எரிகிறது. உலர்ந்த மர முக்காலியின்மேல் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு தொட்டால் மின்சாரம் இருக்கும்போதும் விளக்கு தெரியாமல் போகலாம். ஆகவே எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடக் கூடாது. முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து, அதன்பின் வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் முதலில் பார்த்த அதே பிளக்கில் சோதிப்பதே சரியான வழக்கம். அதையே ஸ்க்ரூ டிரைவராகத் திருகித் திருகி விரிசல் விடவைத்து, குளியலறை ஈரத்தில் போட்டு வைத்துவிட்டு, பிறகு மின்சாரத்தைச் சோதிக்க எடுப்பவர்களை எண்ணினால் அச்சமாக இருக்கிறது. விரிசல் கண்ட டெஸ்டரை அன்றே கழித்துவிட வேண்டும்.

கோரிக்கைக்கு வருகிறேன். கொல்லர்கள் கடன் வாங்கிப் பட்டறையைப் புதுப்பித்துக்கொள்ள வழியிருக்கிறது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சமாக 50,000 ரூபாய், மானியமும் தரப்படுகின்றன. தகுதியுள்ளவர்களை மாவட்டத் தொழில் மையம் தேடிச் சென்று விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். ஆனால் கடனைவிட அவர்களுக்கு முதலில் வேண்டியது நிலையான இடமும், இன்ன நாளில் இங்கே இருப்பார் என்று மக்கள் அறிந்திருப்பதும்தான். உழவர் சந்தைக்கு மக்கள் எப்படியும் காலையில் பையோடு வருகிறார்கள். அந்தப் பையில் கத்தியையும் துணியில் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்து, காய் வாங்கி முடிப்பதற்குள் தீட்டி வாங்கிப் போகலாம். கூலியைப் பலகையில் எழுதி வைத்தால் பேரம் பேசும் சங்கடமும் இருக்காது. உலை மூட்டும் வேலையைச் சந்தைக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொண்டு, சாணையையும் பிடி போடுவதையும் மட்டும் உள்ளே அனுமதித்தால் போதும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் மக்கள் கருவிகளைக் கழுவி எடுக்கும் நேரத்தோடு பொருந்தி வரும். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களை உதவிக்கு அனுப்பினால் அவர்களுக்கும் நல்ல பயிற்சி.

ஏற்காட்டையும் இதில் விட்டுவிடக் கூடாது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் அரிவாளும் மண்வெட்டியும் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியும் பிழைப்புக்கான கருவிகள். அவற்றைத் தீட்டவோ மாற்றவோ கூலித் தொழிலாளர்கள் பேருந்துக்குச் செலவழித்து, ஒரு நாள் கூலியையும் இழந்து சேலத்துக்கு இறங்கி வர நேர்கிறது. காப்பிப் பழம் பறித்து முடிந்து கவாத்து வேலை தொடங்குவதற்கு முன்பாக, மலைமேல் இரண்டு மூன்று இடங்களில் கொல்லர்கள் முகாமிட ஊராட்சி ஒன்றியமும் தோட்ட உரிமையாளர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.