சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டாதே

ஆரையம்பதி,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "பிறகு கதைப்போம்" என்று வைத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை, மீன்காரர் வாசலில் நின்றார். ஆனால் இரவு முழுக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள் கிடந்தது. தமிழ்ப் பள்ளிக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், மெல்பேர்ன் குளிர் வேறு. அதை நிற்பாட்டிவிட்டு அம்மம்மாவே சூமில் பேத்திக்குத் தமிழ் படிப்பித்தால் என்ன என்கிறாய். எனக்கும் ஆசைதான். பேத்தியின் முகத்தைக் கிழமைக்கு மூன்று தரம் பார்க்கலாமே. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். ஏன் என்று போனில் சொன்னால் நீ இடையில் வெட்டுவாய், அதனால் எழுதுகிறேன்.

2020 ஜனவரியில் என்னிடம் தரம் ஒன்றுக்கு வந்த பிள்ளைகளை உனக்குத் தெரியாது, நீ அப்போது அங்கே போய்விட்டாய். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரைப் பிள்ளைகள். பாலம் 2014இல் திறக்கும்வரை அந்தப் பிள்ளைகளின் அக்கா, அண்ணன்மாரைப் படிப்பிக்க மண்முனையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்துதான் போனேன். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் வெயிலில் காவல் இருக்க வேண்டும். பாலம் வந்த பிறகு வாவி ஒரு தூரமே இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த வருடம் மார்ச் 13ஆம் திகதி முதல் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பென்சில் பிடிக்கவே அப்போதுதான் பழகியிருந்தார்கள்.

பிறகு எல்லாம் வட்ஸ்அப்பில். காலையில் பாடத்தைக் குரலாகப் பேசி அனுப்புவேன், எழுத்தை எழுதிப் படம் அனுப்புவேன், டேட்டா என் காசு. பதில் இரவு ஒன்பது மணிக்குத்தான் வரும். வீட்டில் இருக்கிற ஒரே போன் தகப்பனின் சட்டைப் பையில். அவர் மேசன் வேலை முடிந்து வந்தால்தான் கொப்பியைப் படம் எடுக்க முடியும். பிள்ளை அதற்குள் நித்திரை. சில கொப்பிகளில் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அக்கா எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். ஆனாலும் "மிக நன்று" போட்டு அனுப்புவேன், வேறு என்ன செய்வது?

ஒரு பையன் மட்டும் தானே எழுதி அனுப்புவான். கோணல்மாணலாக இருந்தாலும் 'அ' 'அ'வாகத்தான் இருக்கும். சந்தோஷப்பட்டேன். இடையில் திறந்ததும் மூடியதுமாகப் போய், 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளின் ஆரம்பப் பிரிவுகளைத் திறந்தார்கள். எங்களுடையதும் அதற்குள் வந்தது. (அதற்கு முன் மூன்று மாதம் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுக்க ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை விட்டு விலகியிருந்தோம். நானும் விலகி நின்றவள்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை, பிள்ளைகளை நினைத்தால் கொஞ்சம் குத்தும்.) நாங்கள் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு அந்தப் பையன் பக்கத்தில் குந்தியிருந்து அவன் எழுதுவதைப் பார்த்தேன். வலப்பக்கக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுத்தான். பென்சிலைத் தூக்கினான். பிறகு சுழியை வரைந்து கொண்டுவந்து கோட்டில் ஒட்டினான். வாசல் கதவுக்குப் பிணைச்சல் பூட்டுவது போல. ஒன்றரை வருடமாக எனக்கு வந்த படங்களில் எழுத்து இருந்தது, கை இல்லை. 'அம்மா' என்று எழுத அவனுக்கு எத்தனை தரம் பென்சில் தூக்க வேண்டியிருந்தது தெரியுமா? மற்றப் பிள்ளைகள் இரண்டு வரி முடிக்கும்போது இவன் இரண்டாவது சொல்லில் நிற்பான். கையைப் பிடித்து எழுதவைத்துத் திருத்த ஒரு தவணை போனது. வகுப்பில் இருந்திருந்தால் முதல் நாளே கண்டிருப்பேன்.

இதைக் கேட்டுவிட்டு அம்மாவுக்கு ஒன்லைன் என்றாலே பிடிக்காது என்று மருமகனிடம் சொல்லிவிடாதே. உன் தம்பியின் கதை எனக்கு மறக்கவில்லை. பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இல்லாமல் அலைந்தவனுக்கு யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் போனுக்குள்ளே வந்தார். விளங்காத இடத்தை நிறுத்தி, திருப்பிப் போட்டு, கிணற்றடியில் இருந்து மூன்றாம் தரமும் கேட்பான். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நான் மூன்று தரம் சொன்னால் நாலாவது தரம் என் குரலே மாறிவிடும். 2022 பெப்ரவரியில் உயர்தரம் எழுதினான், பாஸும் எடுத்தான். நேத்ரா தொலைக்காட்சியில் போட்ட 'குருகெதர' என்கிற பள்ளிப் பாட நிகழ்ச்சிகளையும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பார்த்துப் பயன்பட்டார்கள். உன் தம்பிக்கு அப்போது வயது பதினெட்டு. எது விளங்கவில்லை என்று அவனுக்கே தெரியும். பேத்திக்கு ஆறு. தனக்கு விளங்கவில்லை என்பதே அவளுக்கு விளங்காது. அதைப் பக்கத்தில் இருக்கிற ஒருவர்தான் அவளுடைய முகத்தில் பார்க்க வேண்டும்.

போன மாதம் நாங்கள் செய்து பார்த்தது நினைவிருக்கா? நான் 'ழ' எழுதித் தாளைப் பிடித்தேன். என் போனில் அது கண்ணாடியில் போலத் திரும்பித் தெரிந்தது. நான் தாளை மாற்றி மாற்றிப் பிடிக்க, நீ "அம்மா, எங்களுக்குச் சரியாத்தான் தெரியுது" என்று சிரித்தாய். பேத்தி அதற்குள் மேசைக்குக் கீழே போய்விட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே போனால் நானும் குனிவேன்.

இன்னொன்று. அங்கே சனிக்கிழமை அவளோடு தமிழ் கதைக்கிற பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். அழிறப்பருக்குச் சண்டை பிடிப்பதும் தமிழில்தான் நடக்கும். அதை நான் இங்கிருந்து எப்படிக் கொடுப்பது?

அதனால் இப்படிச் செய்வோம். எழுத்துக்குச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம். கதைக்கு நான். செவ்வாயும் வியாழனும் உங்களுக்குப் பின்னேரம் ஆறு மணி என்றால் எனக்கு மத்தியானம் ஒன்றரை, சோறு முடிந்திருக்கும். அவளுக்கு நரிக் கதை சொல்லுகிறேன், பாட்டுப் பாடுகிறேன், திரும்ப அவள் எனக்குச் சொல்லட்டும்.

அப்புறம், அவள் கொப்பியில் எழுதினால் முடிந்த பிறகு படம் எடுத்து அனுப்பாதே. எழுதும்போதே வீடியோ எடு. போனை முகத்துக்கு நேரே பிடிக்காமல் கைக்கு மேலே பிடி.

அன்புடன்,
அம்மா