பதவி என்ற இடத்தில் என்ன எழுதட்டும், அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மார்ச் 31. வருடக் கணக்கு முடிக்கிற நாள், அதனால் எனக்கு எப்போதுமே தூக்கம் கெடுகிற நாள். 2021-க்கு அப்புறம் வேறு காரணத்துக்காகக் கெடுகிறது. உங்கள் பெயரையோ நம் டிரஸ்டின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. நம்மோடு இருந்த சிலர் இதைப் படிப்பார்கள், அவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

போன மாதம் சோழிங்கநல்லூர் சிக்னலில் உங்களைப் பார்த்தேன். ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, கம்பெனி வேனுக்காக நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் "என் பேரை வெட்டினதே அந்தத் தம்பிதான்" என்று நம் அடுக்குமாடி பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அதை என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அன்றைக்கு உங்களிடம் "ஃபண்ட் நின்னுபோச்சுக்கா" என்று மட்டும் சொன்னேன். அது பாதிதான். நமக்குப் பணம் நேராக வந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு வரும், அவர்கள் நமக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சின்ன டிரஸ்டுகள் பல அப்படித்தான் ஓடின. 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணத்தை வாங்கியவர் இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றானது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆனது. நாட்டில் எந்த மூலையில் இருந்தாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டியது டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் என்றார்கள். முறைகேட்டைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்றார்கள், 2022-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. தப்பு செய்த அமைப்புகளும் இருந்திருக்கலாம். ஆனால் நகரத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டு, பெரும்பாக்கத்தில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கொரோனாவில் வேலை போய் உட்கார்ந்திருந்த வருடத்திலா அதைச் செய்ய வேண்டும்?

கம்பெனிகளின் கதவையும் தட்டினோம். பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தாலே சிஎஸ்ஆர் கணக்கில், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய கணக்கில் சேரும் என்று ஆகியிருந்தது, அங்கே கொடுத்துவிட்டோம் என்று கைவிரித்தார்கள். ஒருவர் டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்றார். சம்பளம் தர ஒருவரும் வரவில்லை.

கடைசியில் அந்தப் பெரிய நிறுவனம், பணமாகத் தர முடியாது, இரண்டு பேரை எங்கள் ஆட்களாகவே எடுத்துக்கொள்கிறோம் என்றது. பட்டியலை நான்தான் போட்டேன். மாலை வகுப்பு எடுத்த இரண்டு பெண்களின் பெயரை எழுதினேன். பள்ளியில் ஆசிரியர் சம்பளம், ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவில் வராது. நீங்கள் 'ஒருங்கிணைப்பாளர்'. அந்தச் சம்பளம் நிர்வாகச் செலவாகி அந்த 20 சதவீதத்துக்குள் போய்விடும் என்றார் ஆடிட்டர். 2018-ல் ரிஜிஸ்டரில் அந்தப் பதவியை எழுதியதே நான்தான். 'களப்பணியாளர்' என்று இருந்தால் 6,500-க்கு மேல் போட முடியாது, ஒருங்கிணைப்பாளர் என்றால் 8,000 போடலாம் என்பதற்காக எழுதினேன். உங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான், அக்கா.

அந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. உங்களுக்காக வாதாடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அவ்வளவுதான். என் சம்பளமும் அதே 20-க்குள்தான் இருந்தது.

ஆனால் ராத்திரியில் எனக்கு நினைவு வருவது அந்தப் பட்டியல் இல்லை. 740 ரூபாய்.

ஏழாவது மாடிப் பையன். லிஃப்ட் நின்றிருந்த வாரம். கூவம் கரையிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியும் அவனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கவில்லை. பழைய முகவரி, புது முகவரி என்று அலைக்கழித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு கால் பிடித்து நாலு பேர் கீழே இறக்கினீர்கள். ஆட்டோவில் ஆஸ்பத்திரி. அன்றைக்கு டாக்டர் வரவில்லை. மறுநாள் மறுபடி நாற்காலி, மறுபடி ஏழு மாடி, மறுபடி ஆட்டோ. அந்த வெள்ளிக்கிழமை ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து ஆட்டோ நம்பர், தொகை, டிரைவர் கையெழுத்து எல்லாம் எழுதிக் கொண்டுவந்து வைத்தீர்கள். "பில் இல்லாம ஏத்துக்க முடியாதுக்கா" என்றேன்.

"ஆட்டோக்காரன் பில்லு தருவானா தம்பி?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். தாளை அங்கேயே விட்டுவிட்டு எனக்கு டீ வாங்கப் போனீர்கள். நான் அந்த டீயைக் குடித்தேன்.

கைப்பட எழுதிய வவுச்சரில் டிரஸ்டியின் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். முந்தைய வருட ஆடிட்டில் ஒரு கேள்வி வந்திருந்தது, அந்தப் பயத்தில் வாங்கவில்லை. அட்டை வந்த நாளில் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து முதலில் என்னிடம்தான் காட்டினீர்கள்.

ஏன் அக்கா சண்டை போடவில்லை? ஏன் எல்லாவற்றையும் சொந்தக் கையிலிருந்தே போட்டீர்கள்? நீங்கள் போட்டுவிடுவீர்கள் என்று தெரிந்ததால்தான் நாங்கள் யாரும் கேட்காமல் இருந்தோம். டிரஸ்ட் அத்தனை வருடம் ஓடியதில் உங்கள் கைப்பணம் எவ்வளவு என்று எந்த ஆடிட் அறிக்கையிலும் இல்லை. அதை நினைத்தால் உங்கள் மேலும் கோபம் வருகிறது. வரக் கூடாதுதான்.

சரி, இதை எழுதிய காரணத்துக்கு வருகிறேன். 2021-ல் ஒரு பணிச் சான்றிதழ் கேட்டீர்கள். டிரஸ்ட் மூடியாகிவிட்டது, லெட்டர்ஹெட் இல்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். இப்போது பழைய டிரஸ்டி ஒருவர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். ரேஷன் கார்டு மாற்றிக் கொடுத்தது, முதியோர் பென்ஷனுக்கு அலைந்தது, வீடு மாறியதில் படிப்பை விட்ட பிள்ளைகளை மறுபடி பள்ளியில் சேர்த்தது, அந்த அட்டை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பதவி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. 'ஒருங்கிணைப்பாளர்' என்று மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. என்ன போடட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், இந்தத் தடவை எடுங்கள்.

உங்கள் தம்பி