பதவி உயர்வும் மொய் நோட்டும்: தம்பி மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செந்திலுக்கு,

அத்தை எழுதுகிறேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ பகிர்ந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அவர்களுடைய மகிழ்ச்சி குறைந்துவிட்டதாக ஓர் அமெரிக்க ஆய்வு நிரூபித்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். வங்கியில் எழுத்தராக இருக்கும் உன் மனைவி கவிதா தேர்வெழுதி அதிகாரியாகத் தேர்ச்சி பெற்ற செய்தி வந்த கையோடு நீ அதைப் பகிர்ந்ததால், அது யாருக்காக அனுப்பப்பட்டது என்பது குழுவில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அங்கேயே பதில் சொன்னால் உன் அப்பா சண்டைக்கு வருவான். இதே கட்டுரை வேறு பல வீடுகளுக்கும் போயிருக்கும் என்பதால், உங்கள் இருவர் பெயரையும் மாற்றிப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆய்வைப் பார்ப்போம். பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2009-இல் வெளியிட்டது அது. 1970-களில் அமெரிக்கப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஆண்களைவிட அதிக மகிழ்ச்சியோடு பதில் சொன்னார்கள் என்பதும், பிந்தைய ஆண்டுகளில் அந்த முன்னிலை கரைந்துபோனது என்பதும் அதில் உள்ளவைதான். ஆனால் உன் கட்டுரையாளர் வசதியாக விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. வேலைக்குப் போனவர்களிடம் மட்டுமல்லாமல் வீட்டிலேயே இருந்தவர்களிடமும், குழந்தை பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் அந்தச் சரிவு காணப்பட்டது. வீட்டை விட்டு வெளியே போகாதவளுக்கும் மகிழ்ச்சி குறைந்திருக்கிறது என்றால், வேலைக்குப் போனதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. மாறுதலுக்கான காரணத்தை அவர்கள் கேள்வியாகவே விட்டுவைத்தார்கள்.

பெண்கள் வேலைக்குப் போவது நவீன நாகரிகம் என்று அந்தக் கட்டுரை நெடுகச் சொல்வதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறந்தால் உன் அப்பத்தா விடியற்காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு நடவுக்குப் போய்விடுவார். பொழுது சாய்ந்து வந்து மறுபடியும் அடுப்பை மூட்டுவார். இன்றும் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வரும் மல்லிகையை இருட்டோடு தோட்டத்தில் இறங்கி அரும்பாகப் பறித்துக் கொடுக்கிற பெண்களின் மகிழ்ச்சியைப் பற்றி யாரும் கவலைப்பட்டுக் கட்டுரை எழுதக் காணோம். சம்பளமும் பதவியும் உள்ள வேலைக்குப் பெண் போகும்போதுதான் இந்தக் கவலை நமக்கு எழுகிறது.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். 2019-இல் இது முறையே 299, 97 ஆக இருந்தது. இந்த ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானதென்றால் ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த 88 நிமிடங்கள்கூட ஏதோ ஒரு வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான்; துரும்பையும் எடுத்துப் போடாதவர்கள் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. நீ கணக்குக்குள் வருகிறவன் என்பதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வருகிறாய், குழந்தையைக் குளிப்பாட்டுகிறாய், சொன்னால் எதையும் செய்கிறாய்.

அந்த 'சொன்னால்' என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். போன ஆவணியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பீரோவின் மேல் ஒரு நீளமான மொய் நோட்டைப் பார்த்தேன். ஊர்வாரியாகப் பிரித்து, பெயரும் தொகையும் எழுதி, திருப்பிச் செய்துவிட்டவற்றுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள் கவிதா. அதில் முக்கால்வாசி உன் பக்கத்துச் சொந்தம். உசிலம்பட்டியில் உன் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு செய்முறை வைக்க வேண்டும் என்று நீ அவளைத்தான் கேட்டாய். நோட்டைப் புரட்டாமலே அவள் பதில் சொன்னாள். நல்ல தண்ணீர் என்றைக்கு வரும், குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது, பாத்திரம் விளக்க வருகிற அக்கா எந்த வெள்ளிக்கிழமை வரமாட்டார், உன் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதெல்லாம் கவுண்டரில் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போதும் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இதை எந்தக் கணக்கெடுப்பும் நிமிடத்தில் அளக்காது. அவள் களைத்துப்போவது வங்கியால் என்று நீ நினைக்கிறாய். கிளையில் என் வாழ்நாளைக் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஐந்தரை மணிக்குக் கணக்கு நேரானால் எழுத்தருக்கு வங்கி அன்றோடு முடிந்துவிடும்.

அதிகாரிக்கு முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணக்கை முடிக்கும்வரை இருக்க வேண்டும், பெட்டகச் சாவிக்குப் பொறுப்பேற்க வேண்டும், மண்டல அலுவலகம் எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுக்க வேண்டும். 2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் ஆராய்ந்ததும் இப்படிப்பட்ட வேலைகளைத்தான். நேரங்காலம் பாராமல் கூப்பிட்டவுடன் கிடைக்கிறவருக்கு இத்தகைய வேலை கூடுதல் சம்பளம் கொடுக்கிறது. அதனால் கணவன் மனைவியில் ஒருவர் அப்படிப்பட்ட வேலையை எடுத்துக்கொள்ள, மற்றவர் வீட்டின் அவசரங்களுக்கு ஓடத் தயாராக நிற்கிறார். அப்படி நிற்பவர் பெரும்பாலும் மனைவியாகவே இருக்கிறார் என்பது அவர் எடுத்துக்காட்டியது. உங்கள் வீட்டில் இதுவரை யார் நின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெண்களின் கடிதங்கள் பல என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்ற ஒரே வரிதான் இருக்கும். அவர்களில் மனநிறைவோடு ஓய்வு பெற்றவர்களும் உண்டு, தனக்குப் பின்னால் சேர்ந்தவர் மேலாளராக வந்து உட்கார்ந்ததைப் பார்த்துப் புழுங்கியவர்களும் உண்டு. கவிதா வேண்டாம் என்று எழுதினால் நான் அவளைக் குறைவாக நினைக்க மாட்டேன். வேலையையே விட்டுவிட்டாலும் நினைக்க மாட்டேன். உன் அம்மா ஒருநாளும் சம்பளம் வாங்கியதில்லை, ஆனால் உங்கள் வீடு எழும்பியதில் அவள் பங்கு உன் அப்பாவின் பங்குக்குக் குறைந்ததல்ல. வெளிநாட்டில் கணவன் சம்பாதிக்க இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு மனைவிக்குச் சொத்தில் பங்கு உண்டென்று சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த ஒரு வரியை அவள் எழுதுவதற்கு முன், அந்தச் சூழ்நிலையில் உன்னுடைய பங்கு எவ்வளவு என்று நீ பார்த்துவிடு.

"எங்கள் வீட்டில் மதுரைதான் அத்தை, சிதம்பரம் இல்லை" என்று நீ சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். நம் மீனாட்சிக்குப் பட்டம் சூட்டிச் செங்கோல் கொடுத்த பிறகுதான் திருக்கல்யாணம் நடக்கிறது என்பதை நீ மறந்திருக்கலாம். அவள் ஆட்சியும் சித்திரையிலிருந்து ஆவணி வரை நான்கு மாதம்தான். மிச்சம் எட்டு மாதம் சொக்கர் பார்த்துக்கொள்கிறார். நீ நான்கு மாதம் பார்த்தாலே போதும் என்கிற நிலையில் கவிதா இருக்கிறாள்.

ஒப்புதல் கடிதம் கொடுக்க மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்றாள். அதிகாரியாகப் போகும் கிளை திண்டுக்கல், சிவகங்கை என்று கிடைத்தால் காலையில் போய் இரவு திரும்பலாம். தூரத்தில் போட்டால் என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து, பணம் உட்பட எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பேசுங்கள். அதுவரை மொய் நோட்டும் மாத்திரையும் தடுப்பூசியும் உன் பொறுப்பில் இருக்கட்டும். அவளைக் கேட்காமல் நடத்திப் பார். குழந்தையை மாலையில் நான் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் என்னால் முடியாது, எனக்கு வீணை வகுப்பு இருக்கிறது.

அன்புடன்,
அத்தை