சொந்த லாரிக் கனவு

ஆசிரியர் அவர்களுக்கு,

சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஸ்டியரிங் பிடித்த யாருக்கும் ஒரு நாள் முதலாளி ஆகிவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. பதினோரு ஆண்டுகள் கம்பெனி வண்டி ஓட்டிய பிறகு, மனைவியின் நகையை அடகு வைத்துப் பழைய பத்துச் சக்கர லாரி ஒன்று வாங்கினேன். டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு, வருடா வருடம் எஃப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்று எல்லாம் போக மிஞ்சியதைத் தவணை விழுங்கியது. நாக்பூரில் ஊர் திரும்ப ரிட்டன் லோடு (திரும்பும் வழிச் சரக்கு) கிடைக்காமல் நான்கு நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். கம்பெனி வண்டியில் நின்ற நாளுக்கும் பேட்டா உண்டு. இங்கே நின்ற நாளுக்கும் வட்டிதான் ஓடியது.

அதற்காகக் கம்பெனி வேலையே மேல் என்றும் சொல்ல மாட்டேன். ஐந்து தொழிலாளர் இருந்தாலே நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நான் ஓட்டிய காலம் முழுவதும் சரக்கு லாரியில் அதைக் கண்ணால் கண்டதில்லை. வேலை நேரம், வார விடுமுறை, வருங்கால வைப்பு நிதி மூன்றும் ஒழுங்காகக் கிடைத்தால் இளைஞர்கள் கடன் வாங்க ஓட மாட்டார்கள். தொழிலாளர் துறை அதிகாரிகள் ஒருமுறையாவது லாரி ஷெட்டுகளுக்கு நேரில் வந்து ஓட்டுநர்களிடம் கேட்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், சங்ககிரி