அந்த மூன்று நிமிடத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழ் கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்புவது அஞ்சலிப் பக்கத்தைத்தான். எனக்கு 52 வயதாகிறது, தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிற வயது. அந்தப் பக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஐப்பசியில் எங்கள் சித்தப்பா தவறிப்போன பிறகு எழுதியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

சித்தப்பா மயிலாடுதுறையில் மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்க வேண்டும், நீதான் எழுதித் தர வேண்டும் என்று தம்பி என்னிடம் சொன்னான். பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த வருடம், ஓய்வு பெற்ற வருடம், சங்கத்தில் வகித்த பொறுப்பு, மகன் மகள் பேரன் பேத்தி பெயர்கள், மேலே ஒரு குறள். பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டேன். அச்சாகி வந்ததும் சித்தி அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா இது யாரும்மா?" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட அவர் எந்த வருடம் போர்மேன் ஆனார் என்று பேசவில்லை, எல்லோரும் பேசியது அந்தக் கறுப்பு டேப்பைப் பற்றித்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரோல் இன்சுலேஷன் டேப்பும் ஒரு டெஸ்டரும் இருக்கும். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் இருக்கும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் மணமேடையைப் பார்ப்பார்கள், இவர் வாசலில் நின்று சீரியல் பல்புக்கு எங்கிருந்து லைன் இழுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார், ஒட்டுப் போட்ட இடம் திறந்து கிடந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு மெயினை நிறுத்தச் சொல்லி, தானே சுற்றிவிட்டு, "குழந்தைங்க ஓடுற இடம் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் மொய் எழுதப் போவார். என் கல்யாணத்தில் அட்சதை போடுகிற நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடினார்கள், மண்டபத்துப் பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால், என் கல்யாணத்தில் என்னை அத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை என்று தோன்றுகிறது.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அவர் வீட்டில் மூன்று நிமிடம் யாரும் எதையும் போடக் கூடாது. ஒரு விளக்கு போதும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடுவார்கள், வோல்டேஜ் ஏறி இறங்கும், ஃபிரிட்ஜ் நின்ற உடனே மறுபடி ஓடினால் கம்ப்ரசர் திணறும், அதற்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கொடு என்பார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் டிவிக்கு முன்னால் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த மூன்று நிமிடத்தில் அவர் ஏதாவது கதை சொல்வார், புயலில் கம்பம் சாய்ந்த கதை, வயலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போன கதை. முடிவு வருவதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், எந்தக் கதையையும் அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்னைக்கு பஸ் ஏற்றிவிட வந்தால் பஸ் கிளம்பும் வரை போகமாட்டார், ஜன்னல் வழியாகக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுப்பார், கடைசியில் கண்டக்டரிடம் போய், "தம்பி, பாப்பா சிதம்பரம் தாண்டினா தூங்கிடும், தாம்பரத்துல கொஞ்சம் எழுப்பி விட்டுடுங்க" என்பார். இதைச் சொன்னது எனக்கு 20 வயதில் மட்டும் இல்லை, 50 வயதிலும் சொன்னார். கண்டக்டர்களும் மறக்காமல் எழுப்பிவிடுவார்கள்.

அப்புறம் அந்த நோட்டு. போன் நம்பர்களை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். காரியம் முடிந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தோம், பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. "மோட்டார் நல்லா பார்ப்பான்" என்று ஒரு நம்பர். "பொறுமையான டாக்டர்" என்று ஒன்று. "அவசரத்துக்கு ரத்தம்" என்று ஒன்று. "பையன் வெளிநாடு, தனியா இருக்கார், கூப்பிடணும்" என்று ஒன்று, அதற்கு எதிரே பென்சிலால் நிறைய டிக் அடித்திருந்தது. கூப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிக் போலிருக்கிறது. தம்பி அந்த நம்பருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். அந்தப் பெரியவர், "ஞாயித்துக்கிழமை அவர் போன் வரலைன்ன உடனே ஏதோ சரியில்லைன்னு நினைச்சேன்" என்றாராம்.

இதில் எதுவும் அந்த அட்டையில் இல்லை. எழுதியது நான், அதனால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை என்று தெரியும். ஆனாலும் உங்கள் பக்கத்தில் வருகிற அஞ்சலிகளும் கிட்டத்தட்ட அதே அட்டைதான் ஐயா. வகித்த பதவி, வாங்கிய விருது, எழுதிய நூல்களின் எண்ணிக்கை, வருடங்கள். படித்து முடித்தால் அவர் பெரிய மனிதர் என்று தெரிகிறது, அவரை எதற்காக ஆட்களுக்குப் பிடித்தது என்று தெரியவில்லை.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அன்றைக்கு மாயூரம் என்று சொன்ன இந்த மயிலாடுதுறையில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தவர், இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். அவற்றை இன்று எடுத்துப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? ஆனால் அவரை நான் நேரில் பழகினவர் மாதிரி நினைப்பதற்குக் காரணம் உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதிய ஒரு சின்ன விஷயம். பிள்ளையவர்கள் தன் வீட்டுத் தோட்டத்தில் மரங்களைக் கொண்டுவந்து நட்டிருந்தார், தினமும் காலையில் போய் எங்கேயாவது தளிர் விட்டிருக்கிறதா என்று கிளை கிளையாகப் பார்ப்பாராம். 1871-இல் பாடம் கேட்க வந்த உ.வே.சா. இதைக் கவனித்துவிட்டு, ஆசிரியர் எழுந்து வருவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்த் தளிர் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டியிருக்கிறார். பெரியவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தத் தளிர்களை வைத்துத்தான் அந்தப் பையன் அவருடைய மனதுக்குப் பக்கத்தில் போனான். இதை உ.வே.சா. 'ஆனந்த விகட'னில் எழுதியது 1940 வாக்கில், கிட்டத்தட்ட 70 வருடம் கழித்து! எத்தனையோ பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தவர், அந்த மாமரமோ பலாவோ அதில் எட்டிப்பார்த்த தளிரையும் மறக்கவில்லை. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சித்தப்பா தெருவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பது ஞாபகம் வரும், கிளை கம்பியில் உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்.

காமராஜரைப் பற்றி என் அப்பா பேசும்போதும் மதிய உணவுத் திட்டத்துக்கு முன்னால் வருவது "ஆகட்டும் பார்க்கலாம்" தான், அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுத்தான் மற்றதற்குப் போவார். வாரியார் சுவாமிகள் 1993-இல் மறைந்தார், அவர் சொன்ன புராணத்தில் அம்மாவுக்கு நினைவிருப்பது கொஞ்சம், முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சட்டென்று கேள்வி கேட்பாரே, அது அப்படியே நினைவிருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அஞ்சலி எழுதும்போது வீட்டில் உள்ளவர்களிடமோ கூட வேலை பார்த்தவர்களிடமோ ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: அவருக்கு என்ன பழக்கம்? எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், பையில் என்ன வைத்திருப்பார், வழியனுப்பும்போது எதுவரை வருவார்? நான்கு வரி போதும். இடம் இல்லையென்றால் விருதுப் பட்டியலில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இருக்கிறவர்களைப் பற்றியும் எழுதலாமே என்று இன்னொரு ஆசையும் உண்டு. எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்கா முழம் போட்டு முடித்ததும், நறுக்குவதற்கு முன்னால், கையை இன்னும் நான்கு விரற்கடை நகர்த்திவிட்டுத்தான் நறுக்குவார். கொசுறு என்று கேட்க வேண்டியதே இல்லை. அதைச் செய்யும்போது வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், வேறு எங்கேயோ பார்ப்பார். போன வாரம் நான் அதைச் சொல்லிவிட்டேன், "நீங்க இப்படிச் செய்யறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்க்கா" என்று. அவருக்கு வெட்கம் வந்து, "சும்மா இரும்மா" என்று இன்னும் கொஞ்சம் பூவை எடுத்து இலையில் வைத்துவிட்டார்.

வருகிற ஐப்பசியில் சித்தப்பாவுக்குத் தலைத்திவசம். அதற்கு அடிக்கிற அட்டையில், "கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் பொறுக்கச் சொன்னவர்" என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். தம்பி, யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று தயங்கினான். சித்திதான் வாங்கிப் படித்துவிட்டு, "போடுடா, டேப்பையும் சேத்துப் போடச் சொல்லு" என்றாள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மயிலாடுதுறை