ராமநாதபுரம் கரையோர நகர்மன்றத் தலைவர்களே, உங்கள் ஓட்டுப் பயம் பற்றி

ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை நகர்மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தன்பால் ஈர்ப்புள்ள இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதைப் பற்றி உங்களில் ஒருவர்கூட மேடையில் பேசி நான் கேட்டதில்லை. காரணம் ஓட்டு. நம் ஊர்களில் வார்டு சின்னது, வீட்டுக்கு வீடு முகம் தெரியும், ஜமாஅத், கோயில் கமிட்டி, சபை, மீனவர் சங்கம் என்று எல்லார் தயவும் வேண்டும். போதாததற்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள், அதனால் ஊருக்கு மட்டுமல்ல, கட்சிக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. அந்தப் பயம் பொய் என்று சொல்லமாட்டேன்.

இதே பயம் இருந்த மேயர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. 2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மேயர் கேவின் நியூசம் தன்பால் ஜோடிகளுக்குத் திருமண உரிமம் கொடுக்கச் சொன்னார். ஏறக்குறைய 4,000 ஜோடிகள் மணமுடித்தார்கள், ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தனையும் செல்லாது என்றது, அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவருடைய ஜனநாயகக் கட்சி தோற்றதற்குச் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைக் குறை சொன்னார்கள். 2007இல் அதே ஊர் அவரை மறுபடி மேயராக்கியது.

எனக்கு அவரைவிட சான் டியேகோ மேயர் ஜெர்ரி சாண்டர்ஸ்தான் பெரிது. குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் போலீஸ் தலைவர், தன்பால் திருமணத்தை ஆதரிக்கும் மாமன்றத் தீர்மானத்தை ரத்து செய்வேன் என்று சொல்லியிருந்தவர். மறுதேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த 2007 செப்டம்பரில் பத்திரிகையாளர்கள் முன் கண்கலங்கி நின்றார். தன் மகளும் தன் ஊழியர்கள் சிலரும் தன்பாலீர்ப்பாளர்கள், உங்கள் உறவு என் உறவைவிடத் தாழ்ந்தது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று சொல்லி அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு ஜெயிக்கவும் செய்தார். உங்கள் வார்டிலும் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்களில் சிலர் வீட்டிலேயே இருக்கலாம். ஊருக்குப் பயந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டவர்கள் பலர்.

சரி, அமெரிக்கா வேறு, ராமநாதபுரம் வேறு. இங்கே திருமணச் சட்டம் உங்கள் கையில் இல்லை, 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றமே அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் தங்கள் முறைப்படியே கல்யாணம் நடத்தட்டும், அதில் நீங்கள் தலையிட வேண்டாம். அதனால்தான் உங்களுக்கு ஆபத்து குறைவு என்கிறேன். உங்களிடம் இருப்பது மயானம், இறப்புப் பதிவு, சுகாதார நிலையம். வருஷக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்த இருவரில் ஒருவர் இறந்துபோனால், "நீ யாரு இவருக்கு?" என்று மற்றவரை நிறுத்திக் கேட்கும் இடங்கள் அவை. 2024இல் ஒன்றிய அரசே இப்படிப்பட்ட துணைவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைத் துணைவர் பெறலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. குடும்பமாக வாழக் கல்யாணம் மட்டுமே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. இதெல்லாம் நம் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். மயானத்திலும் பதிவு அலுவலகத்திலும் துணைவரை மரியாதையாக நடத்த வேண்டும், 2024 அறிவிப்புகளைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.